ராஜா லாவுட்டில் சைக்கிள் மணி

ஜாலான் ராஜா லாவுட்டில் நெரிசல் என்று வாரம் ஐந்து நாள் வானொலியில் சொல்பவள் நான். ஞாயிறு காலை அங்கே சைக்கிள் மணிதான் கேட்கிறது.

கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2014 ஜனவரியில் தொடங்கிய 'கார் இல்லாத காலை'க்கு இப்போது நண்பர்கள் குழுவாகப் போகிறோம். ஆக மெதுவாக மிதிப்பவர் முன்னால், பிள்ளைகள் நடுவில், பழகியவர் ஒருவர் கடைசியில். இந்த ஒழுங்கை நம்பித்தான், கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிளையே தொடாத அக்கா ஒருவர் மகனோடு வந்தார். முதல் சந்திப்பு வரை கைப்பிடி ஆடியது. பிறகு மகனோடு கதை பேசியபடியே மிதித்தார். பசியாறும்போது அடுத்த ஞாயிறைப் பற்றித்தான் பேச்சு.

வர நினைப்பவர்கள் முதல் நாளே பிரேக்கையும் டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள். ஹெல்மெட் பிள்ளைக்கு மட்டுமல்ல, அப்பாவுக்கும்தான்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974இல் தொடங்கிய இதே பழக்கம் இன்று ஞாயிறுதோறும் காலை 7 முதல் பிற்பகல் 2 வரை, 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளில் நடக்கிறது. இங்கே தொடங்கியபோது கிடைத்தது 2 மணி நேரம். வாரநாளில்? நகர மையத்தில் 2018இல் போட்ட நீல நிறச் சைக்கிள் தடத்தில் கார்களை நிறுத்துகிறார்கள் என்ற புகார் ஓயவில்லை.

வேலைக்கும் சைக்கிளில் போகலாமா என்று அக்கா கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.