ஐந்து மணிக்கு வந்தவருக்கும் முழுப்பெயரா?



மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்திலே இயேசு கூறிய திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையை நீங்கள் பல தடவைகள் கேட்டிருப்பீர்கள். நிலக்கிழார் ஒருவர் விடியற்காலையிலே சந்தைவெளிக்குச் சென்று, நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் கூலி என்று பேசி ஆட்களைத் தமது தோட்டத்திற்கு அனுப்புகிறார். ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் மீண்டும் சென்று வேறு ஆட்களை அழைக்கிறார். இறுதியாக, பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கையில், மாலை ஐந்து மணிக்கும் செல்கிறார். கூலி கொடுக்கும் வேளையில் கடைசியாக வந்தவர்களே முதலில் அழைக்கப்படுகின்றனர். அவர்களுக்கு ஒரு தெனாரியம். பகல் முழுவதும் வெயிலிலே நின்றவர்களுக்கும் அதே ஒரு தெனாரியம். முதலில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

மலையகத் தோட்டமொன்றில் நடைபெற்ற விவிலியப் பகிர்வுக் கூட்டத்தில் இப்பகுதியை வாசித்து முடித்தபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த தாயார் ஒருவர் கேட்டார்: “ஐயா, அஞ்சு மணிக்கு வந்தவங்களுக்கும் முழுப்பேரா போட்டாரு?”

மலையகத்துக்கு வெளியே வாழும் வாசகர்களுக்கு இச்சொல்லைச் சற்று விளக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பெயர்’ என்று பெயர். காலையில் பிரட்டுக்களத்திற்குச் சென்று, மலையேறி, நிர்ணயிக்கப்பட்ட அளவு கொழுந்தைப் பறித்து நிறுத்துக் கொடுத்தால் அன்றைய நாளுக்கு முழுப்பெயர் விழும். அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் வேறுபடும். பல தோட்டங்களில் அது 18 கிலோ. அட்டைக்கடியோடும் மழையோடும் போராடிப் பறித்தும் அளவு எட்டாவிடின் அரைப்பெயர்தான். மாதத்தில் எத்தனை பெயர் என்பதே அங்கு ஒரு குடும்பத்தின் அரிசியையும் மாவையும் பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்தையும் தீர்மானிக்கிறது.

ஆகவே அத்தாயாருக்கு இந்த உவமை கலிலேயாவில் நடந்ததொன்றாகத் தோன்றவில்லை. தினமும் மாலையில் தராசின் முன் நின்ற ஒருவருடைய கேள்வி அது. ஆயினும் அவர் தம் மகனை மனதில் வைத்தே அதனைக் கேட்டார் என்பதைக் கூட்டம் முடிந்த பின்னரே அறிந்துகொண்டேன்.

1994ஆம் ஆண்டு தொடக்கம் 2024 முடிவு வரை, 30 ஆண்டுகள், அவர் அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கணவர் முன்னரே காலமாகிவிட்டார். ஓய்வுபெறும்போது அவருக்கு உரியவை இரண்டு. ஒன்று ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் மாதந்தோறும் சேர்ந்த தொகை. மற்றையது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, நாட்கூலி பெறுபவருக்குப் பூர்த்தியாக்கிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம், அதுவும் இறுதியாகப் பெற்ற சம்பளத்தின் அடிப்படையில். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு 420 நாட்கள். கணக்குப் பார்த்தால் 5 இலட்சத்து 67 ஆயிரம் ரூபா. ஒரு வாழ்நாளின் பனியும் வெயிலும் அவ்வளவே.

அப்பணத்தை மகன் கேட்கிறான். அவனுக்கு வயது 24. பதினேழு வயதில் கொழும்புக்குச் சென்று, புறக்கோட்டையில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் நிற்கிறான். முச்சக்கர வண்டியொன்றை லீசிங்கில் எடுக்க முற்பணம் வேண்டுமாம். தாயாரோ லயத்தைவிட்டு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்க எண்ணியிருந்தார். பேச்சு முற்றியபோது, “பேர் பேரா சேர்த்த காசுடா, இது” என்று அவர் சொல்ல, மகன் சொன்ன பதில்தான் அவருடைய நெஞ்சில் தைத்தது. “முப்பது வருஷம் பேர் போட்டு எங்கம்மா போனீங்க? அதே லயத்துலதானே இருக்கீங்க?”

வாசகர்களே, இவ்வாறான வாக்குவாதம் தோட்டத்து லயங்களில் மாத்திரம் கேட்பதன்று. யாழ்ப்பாணத்திலே, கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று வளர்ந்த தகப்பனும், அரசாங்க உத்தியோகத்தை ஏறெடுத்தும் பாராத மகனும் இதே வார்த்தைகளைத்தான் வேறு நடையில் பேசிக்கொள்கின்றனர். “நாங்கள் படிப்படியாக ஏறினோம்” என்பது மூத்தோர் வாதம். எழுதுவினைஞராகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, தரமுயர்ந்து, ஓய்வூதியத்தோடு வீடு திரும்பியவருக்கு அது உண்மையே. அவருக்கு ஓர் ஏணி இருந்தது. தோட்டத்திலோ அந்த ஏணிக்கு எத்தனை படிகள் இருந்தன? கொழுந்து பறித்தவர் கங்காணியாகலாம்; மிகச் சிலர் கணக்கப்பிள்ளையாகியிருக்கலாம். அதற்குமேல் இருந்த படிகள் அவர்களுக்காகப் போடப்பட்டவையல்ல. எனவே மகன் கூறியதில் உண்மையில்லை என்று நான் கூறமாட்டேன். கூறிய விதந்தான் கொடியது.

அவன் அறியாத ஒன்றும் உண்டு. அவனுடைய முப்பாட்டனார் காலத்திலே தோட்டத்துச் சம்பளம் கைக்கு வருமுன்னே கடனுக்குப் போயிற்று. கடலைக் கடந்து வருவதற்குப் பெற்ற முன்பணம் கடனாக எழுதப்பட்டு, ‘துண்டு’ என்ற சீட்டாகத் தொழிலாளியைப் பின்தொடர்ந்தது. கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டத்துக்கு நகர முடியாது. 1921இலேதான் அம்முறை ஒழிக்கப்பட்டது. பாட்டியின் காலத்திலோ, அதே மலையில் வேலை செய்த பெண்ணின் நாட்சம்பளம் ஆணினுடையதிலும் குறைவு. 1984இலேதான் இருபாலாருக்கும் சம சம்பளம் வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து இந்தத் தாயார் வேலைக்குச் சேர்ந்தார். கடனுக்குப் போகாத, ஆணுக்குக் குறையாத, தன் பெயரிலேயே எழுதப்பட்ட கூலி. அந்தக் குடும்பத்தில் அதனைத் தொடக்கநாள் முதல் பெற்ற முதற் பெண் அவர். அவர் ‘பெயர்’ என்று உச்சரிக்கும்போது அதில் ஒரு பெருமிதம் தொனிப்பது அதனாலேயே. ஏறாவிட்டாலும் அவர் நின்ற இடம், அவருடைய தாய் நின்ற இடமல்ல.

இனி மகனின் பக்கத்தையும் நோக்குவோம். இளைஞர்கள் உழைக்க விரும்பாமல் விரைவில் பணம் தேடுகின்றனர் என்று நாம் எளிதாகக் குறைகூறுகிறோம். அவர்கள் கண்முன்னே நடந்தது என்ன? 2022 ஏப்ரலில் இந்த நாடு தனது வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டிற்று. வங்கியிலே சிறுகச் சிறுகச் சேர்த்தவரின் பணம், அவர் தொடாமலே கரைந்தது. கொடுப்பனவுகள் யாவும் சேர்ந்து 2016இல் 730 ரூபா, 2021இல் 1,000 ரூபா, 2024இல் அடிப்படையாக மட்டும் 1,350 ரூபா எனத் தோட்டச் சம்பளத்தின் இலக்கம் உயர்ந்தது. அரிசியின் விலை அதனைக் காத்துக்கொண்டு நிற்கவில்லை. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். பொறுமையாகச் சேமித்தவர் ஏமாந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, பொறுமையை நம்பத் தயங்குவதில் வியப்பில்லை.

ஆனாலும் அவர்களைத் தட்டிக்கொடுத்து விட்டுவிடுவதும் அன்பாகாது. பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் வீட்டிலிருந்தே உழைக்கலாம் என்னும் பிரமிட் திட்டங்கள் இந்நாட்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. மத்திய வங்கி எத்தனை எச்சரிக்கை விடுத்தும் நம் பிள்ளைகள் அவற்றில் விழுகின்றனர். தாய்மாரின் நகையையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு விழுகின்றனர். கைத்தொலைபேசியில் அடுத்தவனின் புதிய வண்டியைப் பார்க்கும் கண்ணுக்கு, தாயின் கறைபடிந்த விரல்நுனி தெரிவதில்லை. புனித பவுல், கமாலியேலின் காலடியில் கற்ற கல்விமான். அவரே கொரிந்து நகரிலே அக்கில்லா, பிரிஸ்கில்லா இல்லத்தில் தங்கிக் கூடாரம் செய்யும் தொழிலில் ஈடுபட்டார் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. படித்தவன் கையால் உழைப்பது இழிவென்ற எண்ணம் அவரிடம் இருக்கவில்லை. அந்த எண்ணத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டியவர்கள் பெரும்பாலும் நாமே; “படிக்காவிட்டால் என்னைப்போல் கொழுந்துதான் பறிப்பாய்” என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, பின்னர் கொழுந்து பறித்தவரை அவன் மதிக்கவில்லையென வருந்துகிறோம்.

இப்போது அத்தாயாரின் கேள்விக்கு வருவோம். முழுப்பேர்தான் போட்டார். ஏன்?

உவமையிலே நான் பல ஆண்டுகளாகக் கவனியாமல் கடந்துபோன இடமொன்று உண்டு. நாள் முழுவதும் வேலையின்றி ஏன் நிற்கிறீர்கள் என்று நிலக்கிழார் வினவுகிறார். தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதே அவர்களின் விடை. சோம்பேறிகள் என்று நிலக்கிழார் அவர்களைச் சொல்லவில்லை, நாமும் சொல்வதற்கில்லை. காலை ஆறு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை சந்தையை விட்டு வீட்டுக்குப் போகாமல், யாராவது அழைக்கமாட்டார்களா என்று நின்றவர்கள் அவர்கள். வேலை செய்த களைப்பு ஒருவிதம். எவரும் கூப்பிடாமல் நின்ற களைப்பு வேறொரு விதம். நேர்முகப் பரீட்சைக்குப் போய்த் தோட்டத்து முகவரியைச் சொன்னவுடன் முகம் மாறுவதைக் கண்டு திரும்பிய எந்த இளைஞனிடமும் கேட்டுப்பாருங்கள்.

தெனாரியம் என்பது ஒரு குடும்பத்தின் ஒருநாள் உணவுக்கான கூலி. ஏழைக் கூலியாளின் சம்பளத்தைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டுமென்று இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் விதித்தமைக்கும் காரணம் அதுவே. அன்றிரவு அடுப்பு அதை நம்பியிருந்தது. அரைப்பெயர் விழுந்த நாளில் பிள்ளைகளுக்கு அரைப்பசி எடுப்பதில்லை. இதனை நான் சொன்னபோது கூட்டத்தில் இருந்த பெண்கள் பலரும் தலையசைத்தனர். வியாக்கியான நூல்கள் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

கேள்வி கேட்டவர் மட்டும் தலையசைக்கவில்லை. “காலையில வந்தவங்களும் பாவந்தானே ஐயா” என்றார்.

உண்மை. பிரசங்கங்களில் நாம் அவர்களைப் பொறாமைக்காரரெனக் கண்டித்தே பழகிவிட்டோம். நிலக்கிழாரோ அவர்களுள் ஒருவரைத் தோழரே என்றழைத்துப் பேசுகிறார். பேசிய கூலியில் ஒரு சதமும் குறைக்கவில்லை. அவர்களுக்கு வலித்தது பணமன்று என்றே நினைக்கிறேன். பகலின் சுமையையும் வெயிலையும் யாரும் கண்டுகொள்ளவில்லையே என்பதுதான். தாயாருக்கு வலித்ததும் அதுவே.

ஆயினும் இந்த உவமையை எடுத்து அவருடைய வீட்டுக்கு அப்படியே பொருத்திவிட எனக்குத் துணிவில்லை. நிலக்கிழாரிடம் எல்லாருக்கும் கொடுக்கப் போதியது இருந்தது. பிந்தி வந்தவனுக்குக் கொடுத்ததால் முந்தி வந்தவனுக்குக் குறையவில்லை. அத்தாயாரிடம் இருப்பதோ ஒரேயொரு தொகை; வண்டிக்குக் கொடுத்தால் நிலமில்லை, நிலத்துக்குக் கொடுத்தால் வண்டியில்லை. லூக்காவின் 15ஆம் அதிகாரத்துத் தந்தை, இளைய மகன் கேட்டவுடனே சொத்தைப் பிரித்துக் கொடுத்தாரென்பது உண்மைதான். அந்த வீட்டிலும் கொழுத்த கன்று மிஞ்சியிருந்தது. ஆகவே பணத்தைக் கொடுங்கள் என்றோ கொடாதீர்கள் என்றோ நான் அவரிடம் கூறவில்லை. மகன் அடுத்த முறை வரும்போது சம்பளத் துண்டுகளை அவனுக்குக் காட்டினால் என்ன என்று மட்டும் கேட்டேன். முப்பது ஆண்டுகளின் துண்டுகளில் அவர் எறியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தவை பலவாம்.

தைப்பொங்கல் விடுமுறைக்கு மகன் வந்திருந்தான். பின்னொரு நாள் தாயாரே இதனைச் சொன்னார். டின்னைத் திறந்து வைத்தபோது முதலில் சிரித்தானாம். பின்பு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தானாம். 24 பெயர், 22 பெயர், மழை மாதமொன்றில் 13 பெயர். அந்த 13 பெயர் மாதத்தின் திகதியை இரண்டு தடவை பார்த்துவிட்டு, “இது நான் சாதாரணதரம் எழுதின வருஷமாச்சே, அப்போ டியூஷனுக்குக் காசு எப்படிக் குடுத்தீங்க?” என்று கேட்டானாம். அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, கடையில் எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது என்று கேட்டார். ஏழு ஆண்டுகளில் அவர் அதைக் கேட்டது அன்றுதான். காலை ஏழரைக்குக் கதவைத் திறக்க வேண்டும், இரவு ஒன்பது மணிக்கு மூடிய பின் சாமான் அடுக்க வேண்டும், படுக்கை கடையின் மேல்மாடியில் மூட்டைகளுக்கு நடுவில் என்றான். எத்தனை பேர் அங்கே படுக்கிறீர்கள் என்றார். ஆறு பேர் என்றான்.

பணத்தைப் பற்றி அன்றிரவு அவர்கள் எதையும் முடிவுசெய்யவில்லையாம். டின்னை மூடாமல் மேசையிலேயே விட்டுவிட்டுப் படுக்கச் சென்றனர்.