சலவைத்தூளும் இரண்டு சீருடைகளும்

ஒன்பதாம் வகுப்பில் அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடம் நடந்த வாரம். உப்புகளின் பயன்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டேன். சமையல் சோடா, சலவை சோடா, சலவைத்தூள், பாரிஸ் சாந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. சலவைத்தூளுக்கு எதிரே 'துணிகளை வெளுக்கவும் குடிநீரைத் தூய்மையாக்கவும் பயன்படுகிறது' என்று எழுதினேன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தது.

அடுத்த வாரம் ஒரு மாணவன் மூன்று நாள் வரவில்லை. விடுப்பே எடுக்காத பையன். நான்காம் நாள் காலை அவனுடைய அம்மா ஒரு மஞ்சள் பையுடன் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் வழியில் உள்ள ஒரு நூற்பு மில்லில் அவருக்கு ஷிப்ட் வேலை. பையிலிருந்து ஒரு வெள்ளைப் பருத்திக் கோட்டை எடுத்து என் மேசையில் விரித்தார். முதுகுப் பக்கம் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. அந்தக் கோட்டை ஒட்டி, பூச்சி அரித்ததுபோல ஏழெட்டு ஓட்டைகள்.

"வேலைக்குப் போட்டுட்டுப் போறதுக்கு ரெண்டே கோட்டு டீச்சர். இனி வாங்குனா சம்பளத்துல பிடிப்பாங்க. நீங்க சொல்லிக்குடுத்ததைத்தான் செஞ்சேன்னு சொல்றான்" என்றார்.

பையன் தலையைத் தூக்கவில்லை. ஏன் அதைப் போட்டாய் என்று கேட்டதற்கு மெதுவாகச் சொன்னான். "பேர்லயே சலவைன்னு இருக்கே டீச்சர்."

அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. சோப்புத்தூளைப் பலரும் பேச்சில் சலவைத்தூள் என்கிறோம். பாடநூலில் அதே சொல் பிளீச்சிங் பவுடரைக் குறிக்கிறது. சலவை சோடா என்பது இரண்டும் இல்லாத மூன்றாவது பொருள். இந்த மூன்றையும் மேசைமேல் வைத்துக் காட்டாமல் நான் எழுதிப் போட்டது ஒரு வரி. அந்த வீட்டில் அம்மா இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கும்போது துணி துவைப்பவன் இந்தப் பையன்தான் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் அந்தக் கோடு எப்படி வந்தது என்று பார்த்தோம். வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடுவது பழைய இரும்புக் கம்பியில். ஈரத்துணியைக் கம்பியில் போட்டால் நீரும் காற்றும் இரும்பும் ஓரிடத்தில் சேர்கின்றன. துரு உருவாகித் துணியில் இறங்குகிறது. அது அழுக்கு இல்லை என்பதால் சோப்பு போட்டு எத்தனை முறை கசக்கினாலும் போகாது. துரு ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு. பிளீச்சிங் பவுடர் செய்வதும் ஆக்சிஜனேற்றம்தான். எனவே அது துருவை ஒன்றும் செய்யாது. நீரில் கரைந்திருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பையும் துருவாக்கிக் கறையை இன்னும் அழுத்தமாக்கும்.

ஓட்டைகளின் கதை இதைவிட முக்கியம். பருத்தி என்பது செல்லுலோஸ். பிளீச்சிங் பவுடர் நிறத்தை மட்டும் தாக்கிவிட்டு நிற்பதில்லை, நேரம் கிடைத்தால் செல்லுலோஸ் சங்கிலியையும் வெட்டும். இரும்பு இருக்கும் இடத்தில் அந்த வெட்டு பல மடங்கு வேகமாக நடக்கும், ஏனென்றால் இரும்பு அங்கே வினையூக்கி. பையன் தூளைக் கரைக்காமல் ஈரக் கோட்டின் துருக்கோட்டின்மேல் அப்படியே தூவி, தேய்த்து, வெயிலில் வைத்திருக்கிறான். வினையூக்கி பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அதற்கு விலை கொடுத்தது ஒரு மில் தொழிலாளியின் கோட்டு என்பதுதான் வருத்தம்.

துருவுக்கு வேண்டியது அமிலம், அதுவும் மென்மையான அமிலம். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்துக் கரையக்கூடிய சேர்மமாக மாற்றிவிடும். அம்மாவின் இரண்டாவது கோட்டிலும் அதே கம்பியின் கோடு இருந்தது. பள்ளியிலேயே செய்து பார்த்தோம். கறைமேல் எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் உப்பும் தடவி, அரை மணி நேரம் வெயிலில் வைத்து, நிறைய நீரில் அலசினோம். முதல் முறை வெளிறியது, இரண்டாம் முறை ஏறக்குறைய போய்விட்டது. அலசுவதில் கஞ்சத்தனம் கூடாது. பருத்தி காரத்தைத் தாங்கும், அமிலத்தைத் தாங்காது. துணியிலேயே காய்ந்துபோன அமிலம் நாளடைவில் நூலை இற்றுப்போகச் செய்யும்.

இங்கே வகுப்பில் நான் மூன்று முறை திரும்பச் சொன்ன ஓர் எச்சரிக்கை உண்டு. பிளீச்சிங் பவுடர் போட்ட துணியில் எலுமிச்சையோ, வினிகரோ, கழிவறை கழுவும் அமிலமோ படக்கூடாது. குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் இது மூச்சுக்கே ஆபத்து. 'ஒன்றில் போகாவிட்டால் இன்னொன்றையும் சேர்த்துப் போடு' என்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

அப்படியானால் பிளீச்சிங் பவுடரைத் துணிக்கே பயன்படுத்தக் கூடாதா? வெள்ளைப் பருத்திக்குப் பயன்படுத்தலாம். ஒரு தேக்கரண்டித் தூளை ஒரு குவளை நீரில் கரைத்துத் தெளியவிட வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் அரை பக்கெட் தண்ணீரில் கலக்க வேண்டும். துருக்கறை இல்லாத, நன்றாகத் துவைத்த துணியை அதில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, இரண்டு மூன்று முறை அலசினால் போதும். சாயத்துணிக்கு வேண்டாம். கம்பளிக்கு வேண்டவே வேண்டாம்.

கம்பளி என்றதும் பையன் நிமிர்ந்தான். அவனுடைய அப்பா இன்னொரு மில்லில் இரவுக் காவலர். மார்கழிப் பனிக்காக அவருக்குக் கருநீலக் கம்பளி ஜெர்சி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு அதை அம்மாவின் கோட்டோடு சேர்த்துச் சுடுநீரில் சலவை சோடா போட்டு ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்திருக்கிறான். "இப்ப அது தம்பிக்குத்தான் டீச்சர் சரியா இருக்கு" என்றான். அம்மாவே சிரித்துவிட்டார்.

சமவெளியில் இருக்கும் நமக்குக் கம்பளி பழக்கமில்லை. நம் மாவட்டத்திலேயே கொடைக்கானல் மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு அரசு ஸ்வெட்டர் வழங்குகிறது, அங்குள்ள ஆசிரியர்களுக்கு இது அன்றாடச் சங்கதி. இங்கே காவலரின் ஜெர்சியும் என்.சி.சி. தொப்பியும்தான் கம்பளி. ஆனால் அதே பொருள் நம் எல்லோர் தலையிலும் இருக்கிறது. கம்பளியும் தலைமுடியும் கெரட்டின் என்னும் புரதம். கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதில்போல அடுக்கடுக்கான செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் சேர்ந்த நிலையில் கசக்கினாலோ அடித்தாலோ இழைகள் ஒரே திசையில் நகர்ந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். செதில்கள் திரும்பிப் போகவிடாது. துணி சுருங்கித் தடித்துவிடும். அதை இழுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாது. காரம் அந்தப் புரதத்தையே சிதைக்கும்.

பருத்தி நேர் எதிரானது. நனைந்தால் அதன் வலிமை கூடும், காரத்தைத் தாங்கும், கொதிநீரைத் தாங்கும். நம் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்தது இதனால்தான். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடாவின் உறவினர். காரமும் நீராவியும் சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும், பருத்திக்குச் சேதமில்லை. உப்புகளின் பயன்கள் பாடத்தில் வெள்ளாவியைச் சேர்த்து நடத்தினால் அந்தத் தொழிலின் அறிவும் வகுப்புக்குள் வரும். வெள்ளாவியைப் பார்த்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டு வரச் சொல்லலாம்.

ஜெர்சிக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த முறை எளிது. வெதுவெதுப்புகூட இல்லாத சாதாரண நீர். பூந்திக்கொட்டை ஊறவைத்த நீர் அல்லது கொஞ்சம் ஷாம்பு. முடிக்கு ஒத்துக்கொள்வது கம்பளிக்கும் ஒத்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்குமேல் ஊறவேண்டாம். அழுத்தி அழுத்தி எடுக்கலாம், முறுக்கிப் பிழியக் கூடாது. ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் பாய்மேல் விரித்துக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையிலேயே நீண்டுவிடும்.

ஜெர்சி என்று விற்பதெல்லாம் கம்பளி இல்லை, பலதும் அக்ரிலிக் இழை. உள்தையலிலிருந்து ஒரு நூலை எடுத்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் தெரியும். கம்பளி முடி கருகும் வாடையோடு தயங்கித் தயங்கி எரிந்து, நெருப்பை எடுத்ததும் அணையும். பருத்தி காகிதம்போல எரியும். அக்ரிலிக் உருகிக் கடினமான கறுப்பு மணியாகும். இதை ஆசிரியர்தான் செய்துகாட்ட வேண்டும். இன்னொன்றும் செய்தோம். தெளிந்த பிளீச்சிங் நீரில் ஒரு பருத்தி நூலையும் ஒரு தலைமுடியையும் தனித்தனியே போட்டு வராந்தாவில் வைத்தோம். மதிய உணவு முடிந்து வந்து பார்த்தபோது பருத்தி அப்படியே இருந்தது, முடி மெலிந்து பிசுபிசுத்துத் தொட்டால் அறுந்தது.

இத்தனைக்கும் அடியில் ஒரு பெரிய காரணம் இருக்கிறது, நம் ஊர்த் தண்ணீர். பையன் ஏன் சுடுநீருக்கும் சோடாவுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் போனான்? சாதாரணமாகத் துவைத்தால் கோட்டு வெளுக்கவில்லை. அவர்கள் வீட்டில் துவைப்பது போர் தண்ணீரில். அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் அயனிகள் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகித் துணியில் ஒட்டிக்கொள்கின்றன. சோப்பை அதிகமாகப் போடப் போடப் படிவும் அதிகம். வெள்ளைத்துணி சாம்பல் பூத்துப்போவது இதனால்தான். மாணவர்களை ஆத்தூர் காமராசர் அணையிலிருந்து வரும் குடிநீர், பிடித்துவைத்த மழைநீர், போர் தண்ணீர் மூன்றையும் ஒரே அளவு பாட்டில்களில் கொண்டுவரச் சொன்னேன். குளியல் சோப்பைச் சீவிக் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினோம். மழைநீர் சில சொட்டுகளிலேயே நுரைத்தது. போர் தண்ணீர் நுரைக்காமல் பால்போலக் கலங்கியது. டிடர்ஜென்டில் இந்தச் சோதனை சரியாக வராது, அது கால்சியத்தோடு இப்படிப் படிவதில்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐ.எஸ். 10500) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை.

கடின நீரில் பருத்தி துவைப்பவர்கள் ஒரு பக்கெட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவை முதலில் கரைத்து, சற்று நேரம் விட்டு, பிறகு சோப்பு போடலாம். கால்சியம் கார்பனேட்டாக அடியில் இறங்கிவிடும். கையில் எரிச்சல் வரும், கழுவிக்கொள்ள வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிநீரோ மழைநீரோ கிடைத்தால் நல்லது.

இதற்குமுன் எத்தனையோ பிள்ளைகளை, சட்டை பழுப்பாக இருக்கிறதே, வீட்டில் துவைக்க மாட்டார்களா என்று காலை வழிபாட்டில் நிறுத்திக் கேட்டிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் போர் தண்ணீர் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மில் கோட்டைப் பற்றி மட்டும் இன்னும் ஒன்று. நனைப்பதற்குமுன் வீட்டுக்குள் உதற வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். பஞ்சுத் தூசியைப் பல ஆண்டுகள் சுவாசிப்பவர்களுக்குப் பைசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருகிறது. அந்தத் தூசியைக் குழந்தைகள் இருக்கும் அறையில் பரப்புவானேன்? வாசலுக்கு வெளியே, காற்று எதிரே அடிக்காத பக்கம் நின்று மெதுவாக உதறலாம், அல்லது அப்படியே தண்ணீரில் அமிழ்த்திவிடலாம்.

ஓட்டை விழுந்த கோட்டுக்கு எங்கள் பள்ளித் தையல் ஆசிரியை உள்பக்கம் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். கொல்லைக் கம்பியை எடுத்துவிட்டு நைலான் கயிறு கட்டியாகிவிட்டது. பையன் மறுநாளிலிருந்து வகுப்புக்கு வந்துவிட்டான். போன வெள்ளிக்கிழமை ஒரு கேள்வியோடு வந்தான். காலரில் மெஷின் ஆயில் கறை, அம்மா கேட்டு வரச் சொன்னார்களாம். நனைக்காமல் முதலில் முகப்பவுடரைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தை நேரே தடவிப் பிறகு சுடுநீரில் துவைக்கச் சொன்னேன். "இது பருத்திக்கு மட்டும்தானே டீச்சர்?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனான்.