சுண்ணாம்பும் கடுக்காயும் தெரிந்த கை

திருவிரிஞ்சை மதிலழகு என்பது வேலூர்ப் பக்கத்துச் சொல்வழக்கு. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் கருங்கல் மதிலுக்குக் கிடைத்த பெயர் அது. கல் மதில் ஆள் பார்க்காவிட்டாலும் நூற்றாண்டுகள் நிற்கும். செங்கல், சுண்ணாம்பு, தேக்கு மூன்றையும் நம்பிக் கட்டிய பழைய வீடு அப்படி நிற்காது. தளத்தில் விரிசல் கண்டால் அடைக்க வேண்டும்; காரை பெயர்ந்தால் பூச வேண்டும்; உத்திரத்தின் நுனி உளுத்தால் மாற்ற வேண்டும். வேலூரிலோ ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தாத்தா காலத்துத் தெருவீட்டைப் புதுப்பிக்கக் கிளம்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பணத்தைக்கூடப் புரட்டிவிடலாம், வேலை தெரிந்த ஆளைப் பிடிப்பதுதான் பெரும்பாடு என்பார்கள்.

கொத்தனார்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. ஆனால் இன்று கரண்டி பிடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சிமென்ட்டில் தொழில் பழகியவர்கள். இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் தொடக்க முயற்சிகளில் ஒன்று 1904-ல் சென்னையில் நடந்தது. அதற்கு முன் எழுந்த வீடுகளும், அதன் பிறகு பல பத்தாண்டுகள் வரை எழுந்த வீடுகளில் பெரும்பகுதியும் சுண்ணாம்பு வீடுகளே. அவற்றைத் தொடுபவருக்குச் சுண்ணாம்பின் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

கல் நீறாகி மீண்டும் கல்லாவது

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ வாயுவாகப் போக, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். இதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறும். அந்த நீற்றுச் சுண்ணாம்புடன் மணல் சேர்த்து அரைத்தால் காரை. சுவரில் பூசிய காரை காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக்கல் ஆகிறது. சிமென்ட் பூச்சு ஒரு மாதத்துக்குள் தன் பலத்தின் பெரும்பகுதியை எட்டிவிடும். சுண்ணாம்புக்கு மாதங்களும் ஆண்டுகளும் பிடிக்கும்.

எல்லாச் சுண்ணாம்பும் ஒன்றல்ல. இந்தியத் தரநிலை 712, கட்டடச் சுண்ணாம்பை வகை பிரித்து எழுத்துக் குறி கொடுத்திருக்கிறது. ஏ வகை, களிமண் கலந்த கல்லிலிருந்து வருவது. ஈரத்திலும் இறுகும், பளு தாங்கும். சி வகை, தூய வெண்சுண்ணாம்பு. பூச்சுக்கும் வெள்ளையடிப்புக்கும் ஏற்றது, காற்று பட்டால்தான் இறுகும். பி இரண்டுக்கும் நடுவே நிற்கும். வெண்சுண்ணாம்புக்கு ஈரம் தாங்கும் பலம் கொடுக்க அந்தக் காலத்துக் கொத்தனார் செங்கல்லை இடித்துச் சுருக்கி என்னும் தூளாக்கிச் சேர்த்தார். சுட்ட களிமண்ணிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும் பசையைத் தருகிறது. மொட்டை மாடியில் போடும் சுருக்கித் தளத்தின் இரகசியம் இதுதான்.

தோல் ஷாப்பும் காரைச் செக்கும்

வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தச் சரக்குகள் அன்னியமல்ல. தோல் பதனிடும் ஷாப்பில் முதல் வேலை, தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிரைக் கழற்றுவது. பிறகு ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புச் சத்து தோலைக் கெடாமல் காக்கும். 1970-களுக்குப் பின் குரோமியப் பதனிடல் பரவும் வரைக்கும் இந்தப் பகுதியின் தோல் தொழில் பட்டையையும் கடுக்காயையும் பெரிதும் நம்பியிருந்தது.

அதே கடுக்காய்தான் வீட்டுச் சுவருக்கும் வந்தது. கடுக்காயை இடித்து வெல்லத்தோடு அல்லது கருப்பட்டியோடு பல நாள் ஊறப்போட்டுப் புளிக்கவைத்த நீரைக் காரையில் ஊற்றி அரைப்பார்கள். வெல்லத்திலுள்ள சர்க்கரை, தண்ணீரில் எளிதில் கரையாத சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைய வைக்கிறது. கலவை குறைந்த தண்ணீரிலேயே குழைகிறது. தண்ணீர் குறைந்தால் காய்ந்தபின் விரிசலும் குறையும். காரை சட்டென்று உலராமலும் இருக்கும். கடுக்காயும் வெல்லமும் சேர்ந்த சுண்ணாம்புக் காரையை வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

காரையை அரைக்கும் செக்கும் முக்கியம். வட்டமான பள்ளத்தில் கல் உருளையை மாடு கட்டிச் சுற்றவிட்டு அரைத்தார்கள். இப்போது மோட்டார் வைத்த அரவை இயந்திரம் வந்திருக்கிறது. மண்வெட்டியால் புரட்டிக் கலப்பது சிமென்ட்டுக்குப் போதும். சுண்ணாம்பு மணலின் ஒவ்வொரு பொடியையும் சுற்றி ஒட்ட வேண்டுமானால் நசுக்கி அரைத்தே ஆக வேண்டும்.

சிமென்ட் ஏன் கூடாது?

சிமென்ட் வேகமாக இறுகும், கெட்டியாக நிற்கும், எல்லா ஊரிலும் மூட்டையாகக் கிடைக்கும். பழைய சுவருக்கு அதையே பூசினால் என்ன?

ஆம்பூர்க்காரருக்குச் சொல்வதென்றால், தோல் செருப்புக்கும் பிளாஸ்டிக் செருப்புக்கும் உள்ள வித்தியாசம்தான். தோல் கால் வியர்வையை வெளியே விடும். பிளாஸ்டிக் உள்ளேயே வைத்துக்கொள்ளும். பழைய வீட்டின் அடிச்சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இந்த ஓதம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக வெளியேறிவிடும். மேலே சிமென்ட்டால் மூடினால் ஓதத்துக்கு வழியில்லை. சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும். ஈரத்தில் கரைந்து வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பருக்கும்போது செங்கல் பொரிந்து மாவாக உதிரும். வெளியே பார்த்தால் பூச்சு பளபளவென்று இருக்கும். தட்டினால் உள்ளே பொக்கென்று சத்தம் கேட்கும்.

பாலாற்றுப் படுகையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். தோல் கழிவால் இங்குள்ள நிலத்தடி நீரில் உப்பு ஏறிய கதை, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்காகி 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. உப்பு நீரில் சுண்ணாம்பை நீற்றினாலோ காரை குழைத்தாலோ அந்த உப்பைக் கூலி கொடுத்துச் சுவரில் ஏற்றியதாக ஆகும். நல்ல ஆள் முதலில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார். கிணறு உப்பென்றால் வேறு தண்ணீர் கேட்பார்.

மெட்ராஸ் டெரஸ் என்னும் தளம்

பழைய மாடி வீடுகளில் கம்பியும் கிடையாது, பலகை முட்டும் கிடையாது. தேக்கு உத்திரங்களின் மேல் சிறு மரக்கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் ஏறக்குறைய 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில், கோணலாகச் சுண்ணாம்புக் காரையில் நட்டு இணைப்பார்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 4 அங்குலம் போட்டு, 3 அங்குலமாக இறுகும்வரை மரக்கட்டையால் அடிப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடுக்காய் நீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் அடிப்பது வழக்கம். கடைசியில் தட்டோடு பதித்துச் சந்துகளைத் தேய்த்து மூடுவார்கள்.

இந்தத் தளம் ஒழுகினால் மேலே சிமென்ட் போட்டு மெழுகுவது பலர் செய்யும் வேலை. தளத்தின் எடை கூடும், ஈரம் உள்ளே சிக்கும், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் நுனி உளுக்கும். அதைச் சரிசெய்ய ஆசாரி வேண்டும். முழு உத்திரத்தையும் தூக்கிப் போடாமல், உளுத்த முனையை மட்டும் அறுத்தெடுத்து அதே வகைப் பழைய மரத்தை நாக்கு வெட்டிப் பொருத்தத் தெரிந்த ஆசாரி கிடைத்தால் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

எங்கே தேடுவது?

இந்த வேலை அடியோடு அழிந்துவிடவில்லை. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீக்கிரையானது. பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் கொண்டே மீட்டெடுத்தது. தரங்கம்பாடியில் 2004 சுனாமிக்குப் பிறகு, மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு பழைய வீடுகளைச் சீரமைத்தது. முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் ஊர் ஊராகப் பிரித்தெடுத்து வந்த பழைய வீடுகளை மரபுக் கைவினைஞர்களே மறுபடி எழுப்பினார்கள். 1996 முதல் அவற்றை யாரும் போய்ப் பார்க்கலாம். புதுச்சேரியிலோ, பிரெஞ்சுக் காலத்து நகர மன்றமான மேரி கட்டடம் கவனிப்பின்றி நின்று 2014 நவம்பர் மழையில் இடிந்தே விழுந்தது. அதைப் புதிதாகக் கட்டித் திறக்க 2021 ஆயிற்று. இருப்பதைக் காப்பது, விழுந்ததைக் கட்டுவதைவிட எப்போதும் மலிவு.

நமக்கான ஆளைத் தேட நான்கு வழிகள். முதலாவது, கோயில் திருப்பணி. குடமுழுக்குக்கு முன் எந்தக் கோயிலில் சாரம் கட்டியிருந்தாலும் உள்ளே போய் மேஸ்திரியிடம் பேசுங்கள். சுதை வேலையும் காரையும் தெரிந்தவர்கள் அங்கேதான் இருப்பார்கள். இரண்டாவது, சுண்ணாம்புக் காளவாயும் சுண்ணாம்புக் கடையும். மூட்டைக்கணக்கில் வாங்கிப்போவது யார் என்று கடைக்காரருக்குத் தெரியும். மூன்றாவது, ஊரிலுள்ள வயதான கொத்தனார்கள். சாரம் ஏற முடியாவிட்டாலும் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து கலவையைச் சொல்லித்தர அவர்களால் முடியும். அதற்கும் முழுக் கூலி கொடுங்கள். நான்காவது, புதுச்சேரி இன்டாக், சென்னை ஐ.ஐ.டி.யிலுள்ள தொன்மைக் கட்டடப் பாதுகாப்பு மையம் போன்ற இடங்கள். சுவர் சாய்ந்தாலோ பெரிய விரிசல் கண்டாலோ கொத்தனாருக்கு முன் பொறியாளரைக் கேட்பதே முறை.

எப்படி அறிவது?

சுண்ணாம்பு வேலை தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். சில கேள்விகளில் உண்மை தெரிந்துவிடும். சுட்ட சுண்ணாம்பை நீற்றி எத்தனை நாள் வைப்பீர்கள் என்று கேளுங்கள். காலையில் நீற்றி மாலையில் பூசலாம் என்பவர் வேண்டாம். முழுதாக நீறாத பொடி பூச்சுக்குள் இருந்தபடியே பிறகு பொங்கி வெடிக்கும். எந்த மணல், சலிப்பீர்களா என்று கேளுங்கள். ‘கொஞ்சம் சிமென்ட் சேர்த்தால் நல்லா நிக்கும்’ என்று அவராகவே சொன்னால் அங்கேயே நன்றி சொல்லிவிடுங்கள்.

பேச்சைவிட மாதிரி நல்லது. வீட்டின் பின்சுவரில் மூன்றடிக்கு மூன்றடி இடத்தைக் கொத்திப் பூசச் சொல்லுங்கள். சில வாரம் கழித்து மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறதா, தட்டினால் பொக்கையா, விரலால் தேய்த்தால் மாவு உதிர்கிறதா என்று பாருங்கள். சதுர அடிக் கணக்கில் குத்தகை பேசாதீர்கள். சதுர அடிக்குக் கூலி என்றால் கை ஓடும். சுண்ணாம்பில் ஓடக் கூடாது. நாள் கூலியே பொருத்தம்.

வேலையின் வரிசையும் உண்டு. முதலில் தளமும் மழைநீர் போகும் வழியும், அதன்பின் மரம், பிறகு மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும், கடைசியில் பூச்சும் தரையும். இது மாறினால் பூசிய சுவரையே மறுபடி கொத்த வேண்டிவரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு இறுகாது. வேலூரின் கத்திரி வெயிலில் இறுகுவதற்கு முன்பே உலர்ந்து வெடிக்கும். பொங்கல் கழித்துத் தொடங்கிப் பங்குனிக்குள் பூச்சை முடிப்பது இந்தப் பக்கத்துக்கு ஏற்ற கணக்கு. பூசிய சுவரில் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, தினமும் தண்ணீர் தெளித்து நிழல் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தத் தொழில் தெரிந்தவர்கள் வயதேறி வருகிறார்கள். பார்த்துப் பழகுவதற்கு வீடுகளும் குறைந்து வருகின்றன. உங்கள் வீட்டு வேலை தொடங்கும்போது ஓர் இளைஞரையும் கூலி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீற்றுவது முதல் மெருகேற்றுவது வரை அவர் கூடவே இருக்கட்டும். அடுத்த வீட்டுக்காரர் ஆள் கேட்டு வரும்போது கைகாட்ட ஒருவர் இருப்பார். பத்து ஆண்டு கழித்து உங்கள் தளமே ஒழுகினாலும் கூப்பிட ஒருவர் இருப்பார்.