இசைத்தட்டின் ஆயுளும் முள்ளின் எடையும்

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து இசைத்தட்டுகள் இருக்கின்றனவா? 1963இல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம்கூட அவற்றுள் இருக்கலாம். அவற்றைக் கேட்பதற்கென்று கருவி வாங்கப் புறப்படுமுன் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். கணினியில் உள்ள பாட்டு எத்தனை முறை கேட்டாலும் தேயாது. இசைத்தட்டு அப்படியன்று; தேய்ந்த பகுதியை மீண்டும் வளர்க்க வழியில்லை. ஆகவே, “எது நன்றாகப் பாடும்?” என்பதற்கு முன், “எது தட்டைக் கெடுக்காது?” என்று கேட்பதே முறை.

எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது, விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே ஒரு பள்ளம்தான். அதன் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. நீட்டிப் பிடித்தால் நீளமோ அரைக் கிலோமீட்டரை நெருங்கும்! பள்ளத்தின் சுவர்களில் உள்ள நெளிவுகளே இசை. அவற்றில் உரசி ஓடும் முள் அதிர்கிறது. அந்த அதிர்வை கார்ட்ரிட்ஜ் மின்சாரமாக மாற்றுகிறது.

முள் சுவரைத் தொடும் இடம் மிக மிகச் சிறியது. எனவே 2 கிராம் எடைகூட அங்கே சதுர சென்டிமீட்டருக்குச் சில டன் என்ற கணக்கில் அழுத்துகிறது. 1970களில் பரவலாக இருந்த எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டி பிளேயர்களில் இருந்தது செராமிக் வகைக் கார்ட்ரிட்ஜ். இவ்வகைக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 கிராம் வரை எடை தேவை. இன்று விற்கும் மலிவான சூட்கேஸ் பிளேயர்கள் பலவற்றிலும் இதுவே இருக்கிறது. காந்த வகைக் கார்ட்ரிட்ஜுக்கோ 2 கிராம் போதும். ஆகவே காந்தக் கார்ட்ரிட்ஜும், கைத்தண்டின் பின்முனையில் திருகி நகர்த்தக்கூடிய எதிர்எடையும் உள்ள டர்ன்டேபிளையே தேர்ந்தெடுங்கள்.

அரக்கு கலந்து செய்த 78 சுழற்சித் தட்டுகளுக்கு இது மட்டும் போதாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி வெளிவந்தது இவ்வகைத் தட்டில்தான். இதன் பள்ளம் ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம். எல்.பி. முள் அதன் அடியில் விழுந்து இரைச்சலையே எடுக்கும். 78 வேகமும் தனி முள்ளும் வேண்டும்.

இனி ஆம்ப்ளிஃபையர். காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். சாதாரண ஆம்ப்ளிஃபையர் எதிர்பார்ப்பதோ சில நூறு மில்லிவோல்ட். இன்னொரு சிக்கலும் உண்டு. கனத்த ஒலிகளை அப்படியே பதித்தால் நெளிவுகள் பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும். எனவே பதியும்போது கனத்த ஒலியைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டுகிறார்கள். கேட்கும்போது இதைத் தலைகீழாக்க வேண்டும். இதற்கு 1954இல் வகுத்த அளவே ஆர்.ஐ.ஏ.ஏ. இந்த இரு வேலைகளையும் செய்வது ‘ஃபோனோ’ பகுதி. அது இல்லாவிட்டால் பாட்டு மெலிந்து ஒலிக்கும். மிருதங்கத்தின் தொப்பி அநேகமாகக் காணாமற் போகும்! வாட் எண்ணிக்கைக்கு மயங்க வேண்டாம். வாட்டை இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். சிறிய அறைக்கு 20 வாட் தாராளம்.

நீங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரரானால் இன்னும் இரண்டு கவனங்கள் தேவை. மாமல்லபுரம் பக்கத்துக் கடற்காற்றில் உள்ள உப்பும் ஈரமும் தட்டை அரிப்பதில்லை. ஆனால் செருகிகளையும் கார்ட்ரிட்ஜின் நுண்கம்பி முனைகளையும் அரித்துக் கரகரப்பை உண்டாக்கும். மூடியுள்ள கருவியாக வாங்கி, செருகிகளை அவ்வப்போது துடையுங்கள். உள்ளே தள்ளியுள்ள செங்கல்பட்டில் எதிரி, கோடை வெயில். நிறுத்திவைத்த காருக்குள் மறந்து விட்ட தட்டு வளைந்துவிடும். தட்டுகளை வெயில் படாத அலமாரியில் செங்குத்தாக அடுக்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கருவியானால் மின்சாரத்தையும் பாருங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்கும்; ஹெர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் அதிர்வெண்ணையே பின்பற்றிச் சுழலும் மோட்டாரானால் வேகம் ஆறில் ஐந்தாகக் குறையும். பாடகரின் சுருதி மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும்!

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். தட்டின் ஓரத்தில் ஒரு சிறு காகிதத் துண்டை அடையாளமாக வைத்துச் சுற்றுகளை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் 3 நிமிடத்துக்குச் சரியாக 100. எண்ணிக்கை 83 வந்தால் அது வேற்று நாட்டு மின்சாரத்துக்கான மோட்டார் என்று ஐயுறலாம்.

பணம் குறைவாக இருந்தால் முதலில் கார்ட்ரிட்ஜுக்கும் கைத்தண்டுக்கும் செலவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்த தட்டை மாற்ற முடியாது.