சான்று காட்டாத பாடக்குறிப்பு

ஒரு வகுப்பில் எதைக் கற்பிப்பது, எந்தச் சான்றுகளைக் கொண்டு கற்பிப்பது, மாணவர் புரிந்துகொண்டதை எவ்வாறு அறிவது என ஆசிரியர் முன்கூட்டியே எழுதிவைக்கும் வரைவே பாடக்குறிப்பு எனப்படுகிறது. அமெரிக்க வரலாற்று ஆசிரியர்களிடையே இதற்கான பொருளை இணையத்திலிருந்து எடுத்தாள்வது பரவலான வழக்கமாகிவிட்டது. ஒன்பது மாநிலங்களில் 3,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்டு அமெரிக்க வரலாற்றுச் சங்கம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, காங்கிரஸ் நூலகம், தேசிய ஆவணக் காப்பகம், ஸ்மித்சோனியன் போன்ற கூட்டாட்சி அரசு சார்ந்த அமைப்புகளின் இலவசத் தளங்களையே அவர்களுள் பலர் நாடுகின்றனர் என்று தெரிவித்தது. அவற்றுக்கு வெளியே, விற்பனைக்கு வைக்கப்பட்ட குறிப்புகளும் எழுதியவர் யாரென்றே தெரியாத குறிப்புகளும் குவிந்துகிடப்பதால், பாடநூல் குழுக்கள் செய்துவந்த சரிபார்ப்பு வேலை தனி ஆசிரியரின் பொறுப்பாகிவிட்டது.

அக்குழுக்களும் சறுக்கியதுண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காத்துநின்ற தென் மாநிலக் கூட்டமைப்புக்காக ஆயிரக்கணக்கான கறுப்பின வீரர்கள் போரிட்டனர் என்றும், அவர்களுள் இரண்டு படைப்பிரிவுகள் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் கீழ் இருந்தன என்றும் வெர்ஜீனியா மாநில நான்காம் வகுப்புப் பாடநூல் ஒன்று கூறியது. 2010-இல், அந்நூலைப் பயின்ற குழந்தையின் தாயார் ஒரு கல்லூரி வரலாற்றுப் பேராசிரியராக இருந்ததால்தான் பிழை வெளிப்பட்டது. வரலாற்றில் பயிற்சி பெறாத நூலாசிரியர் அச்செய்தியை இணையத்தில் எடுத்திருந்தார். அது கூட்டமைப்பு வீரர்களின் வழித்தோன்றல்கள் நடத்தும் சங்கம் ஒன்றின் கூற்று. ஜாக்சன் இறந்தது 1863 மே மாதத்தில். கறுப்பினத்தவரைப் போர்வீரராகச் சேர்க்கக் கூட்டமைப்பின் நாடாளுமன்றம் இசைந்ததோ 1865 மார்ச் மாதத்தில். இவ்விரு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தாலே ஐயம் எழுந்திருக்கும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, குறிப்பை வெளியிட்டவர் யார், அவருக்கு அதில் என்ன நலன் என்பதாகும். இதற்கான விடையைத் தளத்தின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் தேடுவது பயனற்றது. தன்னைத் தானே குறைத்துச் சொல்லும் தளம் எதுவும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 10 வரலாற்றாசிரியர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் இணையத்தை எப்படி வாசிக்கின்றனர் என்று ஆராய்ந்தபோது, சரிபார்ப்பாளர்கள் மட்டும் தளத்தை விட்டு விரைவில் வெளியேறி, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கின்றனர் என்று வேறு பக்கங்களில் தேடியதைக் கண்டனர். 'பக்கவாட்டு வாசிப்பு' எனப்படும் இம்முறையைக் கையாளாததால், ஆவணங்களை ஆய்வதில் கைதேர்ந்த வரலாற்றாசிரியர்கள் சிலரும் பொலிவான தளங்களைக் கண்டு ஏமாந்தனர் என்பது துறைசார்ந்தோர் மறக்கக் கூடாத செய்தி.

வெளியிட்டவர் நம்பகமானவர் என்றான பின், குறிப்பு எழுப்பும் கேள்வியைப் பார்க்க வேண்டும். வைன்பர்க் நிறுவிய குழு உருவாக்கிய 'வரலாற்றாசிரியரைப் போல வாசித்தல்' என்னும் பாடத்தொகுப்பில், ஆங்கிலேயக் குடியேறி ஜான் ஸ்மித்தின் உயிரை அமெரிக்கப் பூர்வகுடிப் பெண் பொகஹாண்டஸ் உண்மையில் காப்பாற்றினாரா என்ற கேள்வியைச் சுற்றி ஒரு பாடம் அமைந்துள்ளது. நிகழ்வை 1608-இல் எழுதிய ஸ்மித், பொகஹாண்டஸ் தம்மைக் காப்பாற்றியதாகச் சொல்லவில்லை. அதையே 1624-இல் எழுதியபோது அந்தக் காட்சியைச் சேர்த்தார். இரு பகுதிகளையும் கையில் வைத்துக்கொண்டு, எழுதியவர் யார், எச்சூழலில் எழுதினார், மற்றச் சான்றுகளோடு அது ஒத்துப்போகிறதா என்று மாணவர் வாதிட வேண்டியிருப்பதால், மனப்பாடத்துக்கு அங்கே இடமில்லை. முதன்மைச் சான்று, அதாவது நிகழ்வின் காலத்திலேயோ அதில் பங்கேற்றவராலோ உருவான ஆவணம், இவ்வாறு ஒன்றுக்கொன்று முரண்படுமாறு வைக்கப்படும்போதுதான் பாடம் உயிர்பெறுகிறது. ஆசிரியர் சொன்னதை மெய்ப்பிக்கும் ஒற்றை மேற்கோளாக வைக்கப்படுமானால் அது வெறும் அலங்காரமே.

சான்றைச் சுருக்கியும் எளிமைப்படுத்தியும் தரும் வழக்கம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பதினேழாம் நூற்றாண்டு நடையை இன்றைய மாணவருக்கு அப்படியே கொடுத்தால் படிக்காமலே ஒதுக்கிவிடுவார் என்பதால், எளிமைப்படுத்துவதை வைன்பர்க் வெளிப்படையாகவே ஆதரிக்கிறார். அவ்வாதம் ஏற்கத்தக்கதே, ஆயினும் எந்த இடத்தில் கைவைக்கப்பட்டது என்று சொல்லாமலும், மூலம் எந்தக் காப்பகத்தில் உள்ளது என்று காட்டாமலும் தரப்படும் 'ஆவணம்', எளிமைப்படுத்தியவரின் கட்டுரையாகவே கருதப்பட வேண்டும்.

குறிப்பு பரிந்துரைக்கும் வகுப்பறைச் செயல்பாடுகள் குறித்து நீளப் பேச வேண்டியதில்லை: அடிமைச் சந்தையை வகுப்பில் நடித்துக்காட்டச் சொல்லும் குறிப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விலக்கத்தக்கது. ஏலம் விடப்பட்டவரின் நிலையை அது விளக்குவதில்லை. கறுப்பின மாணவரைச் சக மாணவர் முன் இழிவுபடுத்துவதில்தான் முடிகிறது.

2006-இல் நியூயார்க் ஆசிரியர் ஒருவர் தொடங்கிய 'டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ்' போன்ற சந்தைத் தளங்களில் காணப்படும் நட்சத்திர மதிப்பீடு, வாங்கியவரின் மனநிறைவைக் காட்டுவது. அச்சிட்டு உடனே வகுப்புக்கு எடுத்துச்செல்ல முடிந்ததற்காகவும் ஐந்து நட்சத்திரம் கிடைக்கும். விலையும் தரத்தின் அளவுகோல் ஆகாது. தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டாக்ஸ்டீச்' தளத்தில் மூல ஆவணங்களின் படிமங்களும் அவற்றின் காப்பக விவரங்களும் கட்டணமின்றிக் கிடைக்கும்போது, மூலம் எதையும் குறிப்பிடாத பாடக்குறிப்பைக் காசு கொடுத்து வாங்க வரலாற்று ஆசிரியருக்குக் காரணமே இல்லை.