பாட்டு வாத்தியாரும் என் கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லாரும் அதில் பாட்டு கேட்கிறோம். பாடக் கற்றுக்கொள்ளவும் அதே கம்ப்யூட்டர் உதவும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் நான் சாப்ட்வேர் இன்ஜினியர்.

வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் கழித்து, சின்ன வயதில் விட்டுப்போன ஆசையில், சென்னை நங்கநல்லூரில் ஒரு பாட்டு வாத்தியாரிடம் தனி வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வகுப்பு. அரசுப் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடவும் சொல்லித் தருவார், மெட்டுக்குப் பாட்டு எழுதவும் சொல்லித் தருவார். இரண்டாவது விஷயத்துக்காகத்தான் நான் அவரிடம் போனேன். ஆனால் எல்லாரையும் போல மாயாமாளவகௌளையில் சரளி வரிசையில்தான் ஆரம்பித்தார். எனக்கு ஒரு கட்டை சுருதி. அதாவது ஆர்மோனியத்தில் "சி" என்று சொல்லும் கட்டை.

வாரா வாரம் அவர் சொன்னது ஒன்றுதான். "சுருதி இறங்குதுப்பா." பஞ்சமத்தில் நின்று நீட்டும்போதெல்லாம் இதைச் சொல்வார். எனக்கோ சரியாகப் பாடுவதாகவே பட்டது. மூன்றாவது மாதம், நமக்கு இது சரிப்படாது, நின்றுவிடலாம் என்ற எண்ணம் வந்துவிட்டது. நிற்பதற்கு முன் ஒரு தடவை பதிவு செய்து பார்ப்போமே என்று தோன்றியது. "சார், வகுப்பை ரெக்கார்ட் பண்ணிக்கலாமா?" என்று கேட்டேன். (கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். அது அவர் குரல், அவர் பாடம்.) சற்று யோசித்துவிட்டு, "பண்ணிக்கோ, ஆனா வீட்ல போய்க் கேக்கணும்" என்றார்.

கேட்டேன். பதிவில் இருந்த குரல் என்னுடையது போலவே இல்லை. இதற்குக் காரணம் உண்டு. பாடும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. அதனால் நமக்குக் கனமாகக் கேட்கிறது. மைக்குக்குப் போவது காற்று வழியாக வரும் ஒலி மட்டும்தான். வாத்தியார் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் குரலைத்தான். பஞ்சமமும் அவர் சொன்னபடியே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

பதிவு செய்வது எப்படி?

விண்டோஸ் 11-ல் சவுண்ட் ரெக்கார்டர் என்ற சிறு புரோகிராம் இருக்கிறது. பதிவு செய்து கேட்க மட்டும் அது போதும். கொஞ்சம் ஆராய வேண்டுமானால் ஆடாசிட்டி என்ற சாப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். 2000-ம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்து வருகிறது. திறந்தவுடன் பட்டன்கள் நிறைய இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிவப்பு வட்டம் பதிவு செய்ய, சதுரம் நிறுத்த, பச்சை முக்கோணம் கேட்க. முதல் மாதத்துக்கு இந்த மூன்று போதும்.

லேப்டாப்பில் உள்ள மைக்கே ஆரம்பத்துக்குப் போதும். டெஸ்க்டாப் என்றால் வயருள்ள ஹெட்செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பல புளூடூத் இயர்போன்களில் மைக்கை இயக்கியதும் ஒலியின் தரம் டெலிபோன் பேச்சு அளவுக்குக் குறைந்துவிடும். பாட்டுக்கு அது ஆகாது. மைக்கில் இருந்து ஒரு சாண் தள்ளி உட்காருங்கள். பாடும்போது மேலே ஒரு பட்டை ஏறி இறங்கும். உச்ச ஸ்தாயியில் கத்தினாலும் அது வலது முனையைத் தொடக் கூடாது. தொட்டால் மைக் அளவைக் குறையுங்கள். முனையில் முட்டி உடைந்த ஒலியைப் பிறகு சரி செய்வது கடினம். தம்புராவை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடினால், பதிவில் உங்கள் குரல் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

இப்போது சுருதியைப் பார்ப்போம். ஒலி என்பது அதிர்வு. ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு கட்டையில் ஆண் குரலின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் சுமார் 130.8 ஹெர்ட்ஸ். மேல் ஸட்ஜம் அதைப் போல இரண்டு மடங்கு. பஞ்சமம் ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 196. ஆடாசிட்டியில் பஞ்சமத்தை நீட்டிய இடத்தை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்வு செய்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைக் கிளிக் செய்யுங்கள். மலைத்தொடர் போல ஒரு படம் வரும். இடது பக்கத்தில் இருந்து வரும் முதல் பெரிய சிகரத்தின் மீது மவுஸை வைத்தால் அதன் அதிர்வெண் கீழே தெரியும். வலப்பக்கச் சிகரங்கள் அதன் மடங்குகள். அவற்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இதில் நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. அந்தக் கட்டத்தில் சைஸ் என்று ஓர் எண் இருக்கும். அது 2048 என்று இருந்தால், கணக்குப்படி படத்தின் ஒவ்வொரு படியும் சுமார் 21 ஹெர்ட்ஸ். 196-க்கும் 193-க்கும் உள்ள வித்தியாசம் அதில் எங்கே தெரியும்? நான் சரியாகத்தான் பாடுகிறேன் என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு 32768 என்று மாற்றினேன். படி சுமார் 1.3 ஹெர்ட்ஸ் ஆனது. என் பஞ்சமம் 193-ல் இருந்தது. நீட்டும் ஒலி ஒரு நொடியாவது இருந்தால்தான் இந்த அளவு சரியாக வரும்.

ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாத சுரங்கள். அதனால் இவற்றை மட்டுமே அளந்து பாருங்கள். மற்ற சுரங்கள் கமகத்தில் அசையும். அந்த அசைவைக் கம்ப்யூட்டர் காட்டும்போது அதைத் தவறு என்று நினைத்துவிடக் கூடாது.

கண்ணால் பாடாதே

நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் கம்ப்யூட்டரிலேயே கிடைக்கும் என்று நினைத்தேன். பாடப் பாட முள் அசைந்து சுருதியைக் காட்டும் டியூனர் புரோகிராம் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சாதகம் செய்தேன். முள் நடுவில் நின்றது. பெருமையாக வகுப்புக்குப் போனேன். பஞ்சமம் மறுபடியும் இறங்கியது. நடந்ததைச் சொன்னேன். "கண்ணால பாடிட்டு வந்திருக்கே. கண்ணை மூடிக்கிட்டு தம்புராவைக் கேளு. அதுலயே பஞ்சமம் இருக்கு" என்றார். தம்புராவின் ஒரு தந்தி பஞ்சமத்தில்தான் ஒலிக்கிறது. மூன்று மாதமாக அது என் காதுக்கு அருகிலேயே இருந்திருக்கிறது.

முள்ளைப் பார்த்துப் பாடும்போது, கீழே இறங்கிய பிறகுதான் மேலே தள்ளுகிறோம். காது இறங்குவதற்கு முன்பே பிடித்துவிடும். ஆனால் அதற்குப் பழக்க வேண்டும். இப்போது பாடும்போது மானிட்டரை அணைத்துவிடுகிறேன். பாடி முடித்து, எங்கே தவறியிருக்கும் என்று முதலில் நானே ஒரு காகிதத்தில் எழுதுவேன். பிறகுதான் பதிவைப் போட்டுப் பார்ப்பேன். இப்படிச் செய்ததில் இரண்டு மாதத்தில் பஞ்சமம் நின்றது. மூச்சு முடியும் இடத்தில் இன்றும் கொஞ்சம் இறங்கும். அது சுருதிக் கோளாறு அல்ல, மூச்சுக் கோளாறு என்கிறார்.

வாத்தியார் பாடிய வேகமான சங்கதி புரியவில்லை என்றால் எபெக்ட் மெனுவில் சேஞ்ச் டெம்போ இருக்கிறது. சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறையும். எனக்கு மிகவும் பயன்பட்ட வசதி இது.

கோடையில் அவர் இரண்டு மாதம் கோவையில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அப்போது வீடியோ அழைப்பில் வகுப்பு. முதல் நாள் பாட ஆரம்பித்தவுடன், "தம்புராவை ஏன் நிறுத்திட்டே?" என்று கேட்டார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. இத்தகைய சாப்ட்வேர்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஒரே சீராக வரும் ஒலியை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி நீக்கிவிடும். நீட்டிப் பாடும் சுரத்தையும் சில நேரம் விழுங்கிவிடும். இந்த இரைச்சல் நீக்கும் வசதியை செட்டிங்ஸில் நிறுத்திவிடுங்கள். ஜூமில் ஆடியோ செட்டிங்ஸில் ஒரிஜினல் சவுண்ட் பார் மியூசிஷியன்ஸ் என்று இதற்கென்றே ஒரு வசதி உண்டு.

ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து பாட முடியாது. அதற்கு முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நொடிக்கு ஒரு அட்சரம் என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் காலத்தில் ஒரு சுரத்துக்குக் கிடைப்பது கால் நொடி. ஒலி போய்ச் சேர நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமானாலே, கிட்டத்தட்ட ஒரு சுரம் பின்னால் போய்விடுவீர்கள். அவர் பாட, நான் திருப்பிப் பாட என்று மாற்றிக்கொண்டோம்.

எக்செல்லில் ஒரு தாலாட்டு

அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது, ஒரு தாலாட்டு எழுதிப் பாடி அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீலாம்பரியில் போடலாமா என்றேன். "அதுக்கு இன்னும் நாள் இருக்கு, மோகனத்துல போடு, அஞ்சு சுரம்தான்" என்றார். தனனா தானனா என்று தத்தகாரத்தில் மெட்டைப் பாடிக் காட்டினார்.

எக்செல்லில் பதினாறு காலம் எடுத்துக்கொண்டேன். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்கு, ஒன்றுக்கு இரண்டு கட்டம். ஒரு வரிசை ஓர் ஆவர்த்தனம். முதல் வரிசையில் சுரம், அதற்குக் கீழே சொல். நீட்டும் இடத்தில் கட்டத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். இலவச லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதைச் செய்யலாம். தமிழில் டைப் செய்ய, விண்டோஸ் 10-ல் 2019 மே மாத அப்டேட் முதல் ஒலியியல் கீபோர்டு உண்டு. லாங்குவேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் போதும்.

அழகாக வண்ணம் அடித்துப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. "பாடு" என்றார். பாடினேன். பல்லவி முடிவில் நான்கு கட்டத்துக்கு நீளும் இடத்தில் "படு கண்ணே" என்று எழுதியிருந்தேன். "குழந்தையைத் தூங்கச் சொல்றியா, கச்சேரி பண்ணச் சொல்றியா?" என்று கேட்டுச் சிரித்தார். "ப" குறில். நீட்டினால் "பா" ஆகிவிடும். படு என்பது பாடு ஆகிவிட்டது. எக்செல்லில் எல்லாம் கட்டத்துக்குள் கச்சிதமாகத்தான் இருந்தது.

மெட்டு நீளும் இடத்தில் நெடிலை வையுங்கள். "தூங்கு" என்று மாற்றினோம். "தூ" எவ்வளவு நீண்டாலும் தூங்குதான். எல்லா மெய்யெழுத்தையும் நீட்ட முடியாது, உயிரில் நிற்பதுதான் எளிது. குறில், நெடிலை நான் ஆறாம் வகுப்பில் தேர்வுக்காகப் படித்ததோடு சரி. அதன் பயன் அன்றுதான் தெரிந்தது. பிறகு அந்த ஷீட்டில் நீளும் இடங்களுக்கு மட்டும் மஞ்சள் வண்ணம் கொடுத்தேன். மஞ்சளில் குறில் இருந்தால் அந்தச் சொல்லை மாற்றிவிடுவேன்.

பாட்டு முழுதாக வந்தவுடன் அவரே ஒரு முறை பாடினார். சரணத்தின் இரண்டாவது வரியில் தைவதத்தில் இருந்து இறங்கி வரும்போது ஒரு சங்கதி போட்டார். நான் எழுதியதா இந்த வரி என்று இருந்தது. போனில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் காப்பி செய்துவிட்டு, இடம் வேண்டும் என்று போனில் இருந்ததை அழித்தேன். அடுத்த வாரம் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பழுது பார்ப்பவர் கையை விரித்தார். நான்கு மாத வகுப்பும் அதோடு போனது.

நீங்கள் இந்தத் தவறைச் செய்யாதீர்கள். சிடி தரத்தில் ஒரு சானலில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 317 எம்பி. அதையே 128 கேபிபிஎஸ் எம்பி3-யாக மாற்றினால் 58 எம்பி. ஒரு வருட வகுப்பு மூன்று ஜிபிதான். ஒரு பென் டிரைவிலும் ஆன்லைன் சேமிப்பிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். ஆடாசிட்டியில் சேவ் செய்தால் கிடைப்பது புராஜெக்ட் பைல். அது மற்ற பிளேயர்களில் ஓடாது. கேட்பதற்கு எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். பைல் பெயரை 2024-06-15 என்பது போல வருடத்தில் ஆரம்பித்தால் தானாகவே வரிசையாக நிற்கும்.

அடுத்த சனிக்கிழமை தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மறுபடியும் பாடினார். நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த இரண்டாவது வரி வேறு மாதிரி வந்தது. "போன வாரம் எப்படி சார் போட்டீங்க?" என்று கேட்டேன். கண்ணை மூடி இரண்டு, மூன்று முறை பாடிப் பார்த்தார். வரவில்லை. நானும் முயன்றேன், எனக்கும் வரவில்லை.

அக்காவுக்கு நான் பாடி அனுப்பியது இரண்டாவது பதிவைக் கேட்டுக் கற்றது. குழந்தை அதைக் கேட்டுத் தூங்குகிறது என்கிறாள். முதலில் ஒன்று இருந்தது அவளுக்குத் தெரியாது.