மரத்தளத்திற்கு வேண்டிய மரம் எவ்வளவு?

திருவனந்தபுரம் நகரின் வடபுறத்தில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருப்பது கழக்கூட்டம். 1990-ஆம் ஆண்டில் டெக்னோபார்க் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து இப்பகுதியில் புதிய இல்லங்கள் பெருகின. வீட்டின் பின்முற்றத்தில் தென்னை நிழலில் அமர்ந்து இளைப்பாறுவதற்கென மரப்பலகைத் தளம் ஒன்று அமைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு முதலில் எழும் வினா, எத்தனை பலகை வாங்குவது என்பதாகும். தளத்தின் பரப்பைப் பலகையின் பரப்பால் வகுத்து, சேதாரத்திற்கு நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டிக்கொள்வது வழக்கம். இம்முறை எளிது, ஆனால் சில வேளைகளில் மரம் மிஞ்சுவதற்கும், சில வேளைகளில் கடைசி வரிசைக்குப் பலகை இல்லாமற் போவதற்கும் இதுவே காரணமாகிறது.

12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். பலகையின் அகலம் 4 அங்குலம், கனம் 1 அங்குலம். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர் மழை, அதுவும் இரு பருவக்காற்றுகளாலும், பெய்யும் இவ்விடத்தில் நீர் வடிவதற்கும் பலகை உப்புவதற்கும் இடம் விடாமல் தளம் அமைத்தல் இயலாது. ஆதலின் பலகைகளுக்கிடையே கால் அங்குல இடைவெளி கொள்வோம். மரக்கடையில் பலகைகள் 7 அடி நீளத்தில் கிடைக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம்.

பலகை ஓடும் திசை

பலகைகளை 12 அடி நீளத்திற்கு இணையாகப் பரப்பினால் 28 வரிசைகள் வேண்டும். அவை 10 அடி அகலத்தில் 118¾ அங்குலத்தை மூடும். எஞ்சிய 1¼ அங்குலத்திற்காக இன்னொரு வரிசை வாங்குவது வீண். 27 இடைவெளிகளையும் அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு மட்டும் அகற்றினால் குறை நிரம்பிவிடும். ஆயின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முழுப் பலகையும், மற்றொரு பலகையிலிருந்து 5 அடித் துண்டும் தேவை. வெட்டியபின் நிற்கும் 2 அடித் துண்டு தளத்தில் எங்கும் பயன்படாது. எனவே 28 வரிசைகளுக்கு 56 பலகைகள் செலவாகும். 56 அடி நீளமான மரம் கழிவாகப் போகும்.

அதே தளத்தில் பலகைகளை 10 அடிப் பக்கத்திற்கு இணையாகத் திருப்பிவிட்டால் 34 வரிசைகள் ஆகும். மொத்த அளவில் கால் அங்குலமே மிகுகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் வேண்டியது 7 அடியும் 3 அடியும். ஒரே பலகையிலிருந்து 3 அடித் துண்டுகள் இரண்டு கிடைக்குமாதலின் 34 முழுப் பலகைகளும், துண்டுகளுக்காக 17 பலகைகளும் சேர்ந்து 51 போதும். மிஞ்சுவன ஒரு அடித் துண்டுகள் 17 மட்டுமே. இவற்றையும் எறிய வேண்டுவதில்லை. பலகை மூட்டுகளின் கீழே ஒட்டுக்கட்டையாக வைத்து அறையலாம்.

திசை மாறும்போது அடியிலுள்ள தாங்குசட்டங்களின் கணக்கும் மாறுகிறது. மூட்டு எதுவும் அந்தரத்தில் நிற்கலாகாது. ஒரு சட்டத்தின் மேல்தான் அமைய வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளில் மூட்டுகள் மாறி மாறி வருமாறு வைத்தால் அவை ஓரத்திலிருந்து 36 அங்குலத்திலும் 84 அங்குலத்திலும் விழும். ஓரங்களில் 18 அங்குலத்திற்கு ஒன்றும் நடுவில் 16 அங்குலத்திற்கு ஒன்றுமாக 8 சட்டங்கள் நிறுத்தினால் எல்லா மூட்டுகளுக்கும் தாங்கல் கிடைத்துவிடும். இச்சட்டங்கள் 12 அடி நீளமுடையவை. மொத்தம் 96 அடி. முந்திய அமைப்பிலோ மூட்டுகள் 60, 84 அங்குலங்களில் விழுவதால், எங்கும் 18 அங்குலத்திற்கு மேற்படாமல் சட்டம் வைப்பதாயின், 10 அடிச் சட்டங்கள் 11 வேண்டும். அதாவது 110 அடி. ஆகவே பலகையைத் திருப்பிய ஒரே செயலால் 5 பலகைகளும் 14 அடிச் சட்டமும் மிச்சமாகின்றன. இது காகிதத்தில் கோடு கிழித்துப் பார்த்தாலொழியப் புலப்படாத இலாபம்.

சட்டங்களைத் தரையில் படுக்க வைத்தல் தவறு. கறையானுக்கு அது விருந்து. இவ்வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கும் வெட்டுக்கல்லால் 10 அடி நீளமுள்ள சிறு சுவர்கள் மூன்றைத் தளத்தின் இரு ஓரத்திலும் நடுவிலும் எழுப்பி, அவற்றின் மேல் சட்டங்களை வைப்பது தக்கது.

ஈரமும் அகலமும்

மரம் உலரும்போது நீளத்தில் மிகச் சொற்பமாகவே சுருங்குகிறது. அகலத்தில்தான் சுருக்கம் மிகுதி. மரத்தின் ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவிகிதத்திற்குக் கீழே இறங்கிய பின்னரே சுருக்கம் தொடங்கும். நன்கு அடங்கிய மரமெனப் பெயர் பெற்ற தேக்குகூட, பச்சை நிலையிலிருந்து முற்றும் உலர்ந்த நிலைக்கு வருகையில், ஆண்டு வளையங்களின் போக்கில் 5.8 சதவிகிதமும், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 2.5 சதவிகிதமும் சுருங்குகிறது. கடலோரக் காற்றில் மரம் முற்றும் உலர்வதில்லை. ஈரம் 15 சதவிகித அளவில் நின்றுவிடும். ஆகவே மேற்கூறிய சுருக்கத்தில் பாதியைக் கணக்கில் கொள்ளலாம்.

பாதி என்பது அற்பமன்று. 4 அங்குலப் பச்சைப் பலகை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு குறையும். 34 பலகைகளிலும் சேர்த்துப் பார்த்தால் குறைவு ஏறக்குறைய 4 அங்குலம். பச்சையாக வாங்கி உலர வைத்துப் பின்னர் பரப்புவோர்க்கு இறுதியில் ஒரு வரிசையே குறைபடும். உலர வைக்காமல் உடனே ஆணி அறைவோர்க்கோ, கால் அங்குல இடைவெளி அதனினும் அரைப்பங்கு அகன்று, கோடைக்காலத்தில் நாணயம் விழுமளவு பிளவாகத் தோன்றும்.

இதற்குப் பரிகாரம், 4¼ அங்குல அகலமும் 1⅛ அங்குலக் கனமுமாக அறுக்கச் சொல்லி, உலர்ந்தபின் இழைத்துக்கொள்வதே. ஆனால் மரக்கடையில் விலை அறுத்த அளவுக்கே போடப்படும். 51 பலகைகளின் மொத்த நீளம் 357 அடி. இழைத்த அளவில் இது 9.9 கன அடி. அறுத்த அளவில் 11.9 கன அடி. 4-க்கு 2 அங்குலச் சட்டங்களுக்கு 5.3 கன அடி. முடிச்சு, வெடிப்பு முதலிய குற்றங்களுக்காக மூன்று பலகைகளைக் கூட்டிக்கொண்டால் மொத்தம் 18 கன அடி, அதாவது அரை கன மீட்டர். வெட்டுக்கழிவு முன்னரே எண்ணப்பட்டுவிட்டபடியால் அதற்கென மீண்டும் நூற்றுக்குப் பத்து சேர்த்தல் இருமுறை கொடுப்பதாகும்.

உருட்டுமரமாக வாங்கி அறுத்துக்கொள்வோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். சுற்றளவில் கால் பங்கை அதனாலேயே பெருக்கி நீளத்தால் மீண்டும் பெருக்குவது மரவணிகத்தில் பழகிய முறை. 1736-இல் இதற்கென வாய்பாட்டு நூல் வெளியிட்ட ஆங்கிலேயர் எட்வர்ட் ஹாப்பஸ் பெயரால் இது வழங்குகிறது. 4 அடிச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள மரம் இம்முறையில் 10 கன அடி. உருளையின் உண்மைக் கன அளவோ 12.7. வாங்குவோர்க்கு இது பெருந்தயவு எனத் தோன்றும். ஆனால் அம்மரத்தின் குறுக்களவு 15¼ அங்குலமே; ஒரு அடிச் சதுரத்தின் மூலைவிட்டமோ 17 அங்குலம். கூர்மூலையுள்ள ஒரு அடிச் சதுர உத்தரம் அதிலிருந்து கிடையாது. கிடைக்கக்கூடிய மிகப்பெரிய சதுரக் கட்டை 8.1 கன அடிதான். வாள் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எட்டில் ஓர் அங்குலம் தூளாகிவிடுமாயின், ஓர் அங்குலப் பலகைக்கு அது ஒன்பதில் ஒரு பங்கு இழப்பு. உண்மைக் கன அளவில் 55 சதவிகிதம் பலகையாகத் தேறினாலும், 10 கன அடி என விலை கொடுத்ததற்குக் கிடைப்பது 7 கன அடியே. மேற்கூறிய தளத்திற்கு ஏறக்குறைய 26 கன அடி உருட்டுமரம் வேண்டியிருக்கும்.

ஆணிக் கணக்கு சுலபமானது. ஒவ்வொரு வரிசையும் 8 சட்டங்களைக் கடக்கிறது; கடக்குமிடத்தில் இரண்டு, மூட்டில் மேலும் இரண்டு. ஆக 34 வரிசைகளுக்கு 612. கடையில் ஆணி எடைக்கு விற்கப்படுவதால் நூறு ஆணிகளை நிறுத்துப் பார்த்து ஆறால் பெருக்கிக்கொள்ளலாம். உப்புக்காற்று வீசும் இவ்விடத்தில் சாதாரண இரும்பாணி துருவேறி, தேக்கில் கருங்கறையும் படியச் செய்யும். விலை மிகினும் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளையே கேட்டு வாங்குவது நலம்.